அரைமணி நேர மரணம்: சோசெக்கியும் சுசென்ஜி வெந்நீரூற்றும்

யப்பானின் தலைநகர் டோக்கியோவுக்குத் தென்மேற்கே, பசிபிக் மாகடலுக்குள் நீண்டிருக்கும் இசுக் குடாநாட்டின் மலைகளுக்கு நடுவே சுசென்ஜி என்றோர் ஊர் உண்டு. ஊருக்கும் அங்குள்ள பௌத்தக் கோயிலுக்கும் பெயர் ஒன்றே. ஊரை ஊடறுத்து ஓடும் கட்சுரா ஆற்றின் படுகையிலே, பாறைகளுக்கிடையில் வெந்நீர் ஊறுகின்றது. 1910ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 24ஆம் நாள் இரவு, அவ்வூரிலுள்ள கிக்குயா என்னும் பழைய விடுதியின் அறையொன்றிலே, நாற்பத்துமூன்று வயதான ஒரு மனிதர் மனைவியின் ஆடை நனைய இரத்தம் கக்கி வீழ்ந்தார். அரைமணி நேரம் அவர் இறந்தவராகவே கிடந்தார்.

அவர் பெயர் நத்சுமே சோசெக்கி. நவீன யப்பானிய இலக்கியத்தின் முதல்வரிசையில் வைத்து எண்ணப்படும் நாவலாசிரியர். 1984ஆம் ஆண்டு தொடங்கி இருபது ஆண்டுகள் யப்பானிய ஆயிரம் யென் நாணயத்தாளில் அச்சிடப்பட்டு வந்தது அவருடைய முகமே. ஆனால் 1910இல் அவர் ஒரு நாளேட்டின் சம்பளக்காரர். பல்கலைக்கழக விரிவுரையாளர் பதவியைத் துறந்து பத்திரிகைக்கு எழுத வந்தவர். அதனாலேயே அவர்மீது எமக்குத் தனிப்பட்டதொரு பற்று உண்டு என்பதை வாசகர்களிடம் மறைப்பதற்கில்லை.

மனிதரைச் சொல்வதற்கு முன்னர் ஊரைப்பற்றிச் சிறிது சொல்லவேண்டும். கி.பி. 807ஆம் ஆண்டளவில் கூக்காய் என்னும் துறவி இவ்வழியே வந்தார் என்பது ஐதிகம். நோயுற்ற தந்தையைச் சிறுவன் ஒருவன் குளிர்ந்த ஆற்றுநீரிலே கழுவிக்கொண்டிருந்ததைக் கண்டு மனமிரங்கிய அவர், தம் கையிலிருந்த ஒற்றைமுனை வச்சிராயுதத்தால் பாறையைப் பிளந்தாராம், வெந்நீர் பீறிட்டதாம். டொக்கோ-நோ-யு, அதாவது வச்சிரத்து வெந்நீர் என்று அவ்வூற்றுக்குப் பெயர் நிலைத்தது. கோயிலையும் கூக்காயே நிறுவினார் என்பர். இங்கே எம்மவர் அறியவேண்டியதொன்று உண்டு. கூக்காய்க்குத் தீட்சையளித்தவர் சீனத்துறவி ஹுய்குவோ. அவருக்குக் குரு அமோகவச்சிரர். அமோகவச்சிரருக்குக் குரு வச்சிரபோதி. 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கடல்வழியே சீனம் சென்ற வச்சிரபோதி தென்னிந்தியர் என்றும் காஞ்சியோடு தொடர்புடையவர் என்றும் சீன மரபு கூறுகின்றது. இசு மலைப்பாறையைப் பிளந்ததாகச் சொல்லப்படும் வச்சிரத்தின் பின்னே இப்படியொரு நெடும் பாதை கிடக்கின்றது.

வெந்நீரூற்றென்றால் ஓய்வும் உல்லாசமும் என்றே இன்று எண்ணுவர். இடைக்காலத்திலோ, ஆட்சியாளர்கள் தமக்கு ஆகாதவர்களைக் கொண்டுவந்து அடைத்துவைக்கும் ஊராக சுசென்ஜி இருந்தது. யப்பானின் முதலாவது காமக்குரா சோகன் யொரித்தோமோ, தம் தம்பி நொரியொரியை ஐயுற்று 1193இல் இங்கேயே அனுப்பினார். யொரித்தோமோவின் மகனும் இரண்டாவது சோகனுமாகிய யொரிஇயே பதவி பறிக்கப்பட்டு இவ்வூருக்கு அனுப்பப்பட்டார். 1204இல் இங்கே கொல்லப்பட்டார். குளித்துக்கொண்டிருந்தபோது கொன்றனர் என்பது வழிவழிக் கதை. பதவியைப் பறித்தவர்கள் அவருடைய தாய் மசாக்கோவின் குடும்பத்தாரே. அந்தத் தாயே பின்னர் மகனுடைய ஆன்ம சாந்திக்காகக் கட்டிய சிறுமண்டபம் இன்றும் ஆற்றின் மறுகரையில் நிற்கின்றது. ஓலையெழுதி ஆளைக் கொல்வதும் பின்னர் கோயில் கட்டுவதும் எல்லா நாட்டு அரசமரபுகளுக்கும் பொதுவான வழக்கம் போலும்.

இனி சோசெக்கியிடம் வருவோம். 1867ஆம் ஆண்டு பெப்ரவரி 9ஆம் நாள், பின்னர் டோக்கியோ எனப் பெயர்பெற்ற ஏதோ நகரிலே, ஊர்த்தலைமைக்காரர் ஒருவருக்குக் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். இட்ட பெயர் கின்னொசுகே. தாய் நாற்பதைத் தாண்டியவர். அந்த வயதில் பிள்ளை பெற்றதை நாணமாக எண்ணினாராம். பிறந்த சிறிது காலத்திலேயே குழந்தை பழம்பொருள் விற்கும் ஒரு வீட்டாரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரவுக் கடையிலே பழைய தட்டுமுட்டுச் சாமான்களோடு சாமானாக ஒரு கூடையிற் கிடந்த குழந்தையைத் தற்செயலாகக் கண்ட தமக்கை, மனம் பொறாமல் வீட்டுக்குத் தூக்கிவந்தார். வீட்டிலும் இருக்கவிடவில்லை. அடுத்த ஆண்டே சியொபாரா என்பவருக்குத் தத்துக் கொடுத்தனர். தத்தெடுத்தவர்களின் குடும்பம் பிளவுபட, ஒன்பது வயதளவிலே சிறுவன் பிறந்த வீட்டுக்குத் திருப்பியனுப்பப்பட்டான். அங்கே பெற்றோரைப் பாட்டன் பாட்டி என்றே நம்பியிருந்தான். அவர்கள்தாம் தாய்தந்தையர் என்று ஓர் இரவு காதோடு சொன்னவள் வீட்டுப் பணிப்பெண். சொல்லப்பட்ட செய்தியைவிட, அவள் காட்டிய அன்பே தமக்கு மகிழ்ச்சியளித்தது என்று பல ஆண்டுகளின் பின்னர் அவர் எழுதினார்.

இந்தக் கதையிலே ஒரு கணக்கும் இருந்தது. மூத்த சகோதரர் இருவர் காசநோயால் இறந்துபோக, 1888இல் கின்னொசுகேயை மீண்டும் நத்சுமே குடும்பப் பதிவேட்டில் சேர்க்கவேண்டிய தேவை தந்தைக்கு எழுந்தது. ஏழாண்டு வளர்த்த செலவென்று சியொபாராவுக்கு 240 யென் பேசப்பட்டது. 170 யென் கையோடு கொடுத்து, மீதியை மாதம் மூன்று யென் வீதம் தவணையாகத் தீர்ப்பதென ஒப்பந்தமாயிற்று. இருபத்தொரு வயது இளைஞன் ஒருவனுக்குத் தன் விலை இன்னதென்று தாளிலே எழுதித் தெரியவந்தது. மனிதர் ஒருவருக்கு ஒருவர் செய்யும் எதனையும் கணக்கின்றி ஏற்க இயலாத ஒரு மனம் அவரிடம் அமைந்ததென்றால் அதில் வியப்பில்லை. அடுத்த ஆண்டில் அவர் சூடிக்கொண்ட சோசெக்கி என்ற புனைபெயரும் பிடிவாதத்தைக் குறிப்பதே. சொல்லைத் தவறுதலாக மாற்றிச் சொல்லிவிட்டு, ஆற்றுநீரைத் தலையணையாக்கிக் கல்லால் வாய் கொப்பளிப்பேன் என்று சாதித்த ஒரு சீனப் பிடிவாதக்காரனின் கதையிலிருந்து எடுத்தது அது.

ஆங்கில இலக்கியம் பயின்று 1893இல் பட்டம் பெற்றார். 1895இல் மத்சுயாமா என்னும் மாகாண ஊரிலே பாடசாலை ஆசிரியரானார். அவ்வூரின் தோகோ வெந்நீர்க்குளியல் மண்டபம் யப்பானின் மிகப் பழைய ஊற்றுகளில் ஒன்றின்மீது எழுந்தது. ஊரில் மெச்சத்தக்கது அதுவொன்றே என்று கருதி அதற்கு அடிக்கடி போனார். பின்னர் குமமோத்தோவில் உயர்பள்ளி ஆசிரியர். கியோக்கோ என்பாரை மணந்தார். 1900இல் கல்வி அமைச்சு அவரை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கப்பல் வழியிலே கொழும்பில் தரித்தது. ஒக்ரோபர் மாதத்தின் தொடக்கத்தில் கரையிறங்கிச் சோறும் கறியும் உண்டு கப்பலுக்குத் திரும்பியதாக நாட்குறிப்பில் உண்டு. காரம் எப்படியிருந்ததென்பதை அவர் எழுதவில்லை.

இலண்டனில் அவர் வாழ்ந்த இரண்டு ஆண்டுகளைப்பற்றி விரித்தெழுத எமக்கு ஆசையுண்டு. ஆனால் இப்பத்தியை வாசிப்பவர்களுக்கு அதில் அறியாதது அதிகம் இராது. உதவித்தொகை ஆண்டுக்கு 1800 யென். அது நூல்களுக்கும் அறை வாடகைக்கும் போதவில்லை. ஐந்து இடங்களில் மாறிமாறி அறையெடுத்துத் தங்கினார். பல்கலைக்கழக விரிவுரைகளைச் சில மாதங்களில் கைவிட்டு, கிறெய்க் என்ற முதிய சேக்ஸ்பியர் அறிஞரிடம் வாரந்தோறும் தனிப்பாடம் கேட்டார். 1901 பெப்ரவரியில் விக்ரோறியா மகாராணியின் இறுதி ஊர்வலத்தைக் கூட்டத்திலே பார்க்கமுடியாமல் தவித்த அந்தக் குள்ளமான மனிதரை வீட்டுக்காரர் தோள்மேல் தூக்கிவைத்துக் காட்டினார். ஒருநாள் தெருவிலே எதிரே குட்டையாய், நிறங்கெட்ட ஒருவன் வருவதைக் கண்டு யாரிவன் என்று எண்ணினார். கிட்டப்போகையில் அது கண்ணாடியில் தெரிந்த தம் உருவம். பின்னர் அறையைப் பூட்டிக்கொண்டு படித்தார், படித்தார், படித்துக்கொண்டே இருந்தார். நத்சுமேக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று அமைச்சுக்குச் செய்தி போயிற்று. அவருடைய உயிர்நண்பர், ஹைக்கூக் கவிஞர் சிக்கி, டோக்கியோவில் முதுகெலும்புக் காசத்தால் படுக்கையிற் கிடந்தார். இலண்டன் புதினங்களை இன்னுமொருமுறை எழுதியனுப்பும்படி அவர் கேட்டிருந்தார். சோசெக்கி பிறகு எழுதலாம் என்றிருந்தார். 1902 செப்ரெம்பரில் சிக்கி இறந்தார். அந்தக் கடிதம் எழுதப்படவேயில்லை. அயலில் வாழ்வோர் எவரும் இப்படியொரு கடிதத்தை நெஞ்சிற் சுமந்தே வாழ்கின்றனர்.

1903 ஜனவரியில் நாடு திரும்பி, லவ்காடியோ ஹேர்ன் வகித்த இடத்துக்கு டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். மாணாக்கர் முதலில் அவரை விரும்பவில்லை. வீட்டிலும் அமைதியில்லை. காரணமின்றிச் சினந்தார்; பிள்ளைகள் அஞ்சினர்; கியோக்கோ இரண்டு மாதம் தாய்வீடு போயிருந்தார். இவையெல்லாம் கணவர் மறைந்தபின் அவரே சொல்லி எழுதுவித்த நினைவுகளில் உள்ளன. கணவரின் மாணாக்கர் சிலருக்கு அந்நூல் பிடிக்கவில்லை. எமக்கோ, அந்த அம்மையாரை நம்பவேண்டும் என்றே தோன்றுகின்றது. 1905இல் ஒரு பூனையின் வாயிலாக மனிதரை நகையாடும் கதையை எழுதி ஒரே ஆண்டில் புகழ்பெற்றார். 1907இல், பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, எல்லாக் கற்பித்தற் பதவிகளையும் விட்டு அசாகி சிம்புன் நாளேட்டில் மாதம் 200 யென் சம்பளத்துக்குத் தொடர்கதை எழுதச் சேர்ந்தார். படித்தவர்கள் திகைத்தனர். பத்திரிகைத்தொழில் வியாபாரமென்றால் பல்கலைக்கழகமும் வியாபாரமே என்பது அவர் கொடுத்த விளக்கம். பல்கலைக்கழக வளாகத்தில் நாய்கள் ஓயாமற் குரைத்ததும் தம் விரிவுரைகள் கெட்டதற்கு ஒரு காரணம் என்று சேர்த்துக்கொண்டார்.

புகழ் வந்ததும் சியொபாராவும் வந்தார். வளர்த்த தந்தையென்ற உரிமையிலே பணம் கேட்டார். 1909 நவம்பரில் 100 யென் கொடுத்து, இனி உறவேதும் இல்லையெனப் பத்திரம் எழுதி வாங்கினார் சோசெக்கி. கணக்கு இரண்டாந்தடவையாகத் தீர்க்கப்பட்டது. வயிற்றுப்புண் முற்றியிருந்தது. 1910 யூனில் டோக்கியோவின் நாகயோ இரைப்பைக் குடல் மருத்துவமனையில் சேர்ந்து ஆறு வாரம் கிடந்தார். வெளியே வந்ததும், உடல் தேற்றுவதற்கு சுசென்ஜி நல்லதென்று மாணாக்கர் ஒருவர் அழைக்க, ஓகஸ்ட் 6ஆம் நாள் புறப்பட்டார்.

புகழ்பெற்ற அந்த வெந்நீர் அவரைத் தேற்றவில்லை. குளித்தெழுந்தால் வயிறு இழுத்துப்பிடித்தது. அதே நாள்களில் மழை பிடித்துக்கொண்டது. கிழக்கு யப்பான் எங்கும் பெருவெள்ளம், தண்டவாளங்கள் அறுந்தன, வீட்டாரின் செய்தி வரச் சுணங்கிற்று. அவர் நிலை மோசமாவதை அறிந்த பத்திரிகை நிறுவனம் ஆளனுப்பியது. நாகயோ மருத்துவமனையிலிருந்து மொரினாரி என்ற இளம் மருத்துவர் வந்து கூடவே தங்கினார். கியோக்கோ வந்துசேர்ந்தார். 24ஆம் நாள் மாலை மருத்துவமனையின் துணைத் தலைவர் சுகிமோட்டோ நேரில் வந்து பரிசோதித்து, அத்துணை மோசமில்லை என்று ஆறுதல் சொன்னார். சிறிது நேரத்துக்குள் 800 கிராம் இரத்தம் வெளியேறியது.

இரண்டு மருத்துவர்கள் அந்தக் கணத்தில் அவ்வூரில் இருந்திராவிட்டால் கதை அங்கே முடிந்திருக்கும். கற்பூர ஊசிகளை ஒன்றன்பின் ஒன்றாய் ஏற்றினர். இரு கைகளிலும் ஆளுக்கொரு நாடியைப் பிடித்தபடி, நோயாளி அறியாதிருக்கவென்று யேர்மன் மொழியில் பேசிக்கொண்டனர்: பலவீனம், தேறமாட்டார், பிள்ளைகளைக் காட்டிவிடலாமா என்ற பேச்சு. யேர்மன் மொழி தெரிந்த நோயாளி கண்ணைத் திறந்து, பிள்ளைகளைப் பார்க்கும் எண்ணம் தமக்கில்லை என்று யப்பானிய மொழியிலே பதில் சொன்னார். பிடிவாதக்காரனின் பெயரைச் சூடியவர் அல்லவா!

தாம் அரைமணி நேரம் நினைவற்றுக் கிடந்ததை அவர் பின்னரே மனைவி சொல்லக் கேட்டறிந்தார். அவரைப் பொறுத்தவரை, ஒருபக்கமாகத் திரும்பிப் படுக்க முயன்றதற்கும், தட்டத்திலே இரத்தத்தைக் கண்டதற்கும் இடையே ஒரு நூலிழை இடைவெளிகூட இருக்கவில்லை. இருளோ, ஒளியோ, கனவோ, நேரம் கழிந்த உணர்வோ இல்லை. மரணத்துக்கப்பால் மனம் எஞ்சுமோ என்ற கேள்வியில் அக்கறை கொண்டிருந்தவர். அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் யேம்சின் நூலொன்றை சுசென்ஜிக்கே கொண்டுவந்து வாசித்துக்கொண்டிருந்தவர். தாம் சென்று வந்த இடத்தைப்பற்றிச் சொல்வதற்கு அவரிடம் எதுவுமே இருக்கவில்லை. அதைத் தயங்காமல் அப்படியே எழுதினார். யேம்ஸ் அதே வாரத்தில், ஓகஸ்ட் 26இல், அமெரிக்காவில் காலமானார்.

அதன்பின் ஏழு வாரங்கள். மல்லாந்து கிடந்தார், கையைத் தூக்கவும் வலுவில்லை. ஊட்டியதை உண்டார். முதன்முதலாகக் கிடைத்த கஞ்சியின் சுவையை அவர் வருணித்திருக்கும் விதம் பசித்தவர்களுக்கே விளங்கும். புதல்வியர் மூவர் வந்து, என்ன சொல்வதென்று அறியாமல் வரிசையாக அமர்ந்துவிட்டுப் போயினர். இலண்டனுக்குப் பின் பெரிதும் கைவிட்டிருந்த ஹைக்கூவும் சீனமொழிக் கவிதையும் திரும்பிவந்தன. இரவில் உறக்கம் வராது. சுசென்ஜி என்பது ஊரின் பெயரும் கோயிலின் பெயரும் என்பதை முன்பே அறிந்திருந்தவர், அக்கோயிலில் மணிக்குப் பதிலாக முரசறைவார்கள் என்பதை அறிந்திருக்கவில்லை. நள்ளிரவில் ஓர் அறை, நெடிய மௌனம், இன்னோர் அறை. அடுத்த ஒலிக்காகக் காத்துக் காத்து, விடியலை நோக்கி நேரத்தைத் தள்ளினார்.

அந்தப் படுக்கையில் அவருக்கு உறைத்த செய்தி ஒன்றுண்டு. வாழ்க்கை என்பது ஓயாத போட்டி என்றும், தாமும் உலகமும் எதிரெதிரே நிற்பவை என்றும் அதுவரை நம்பியவர் அவர். இப்போதோ, மருத்துவரும் தாதியரும் மாணாக்கரும், முகம் தெரியாத வாசகரும், தாம் கைம்மாறு செய்ய இயலாத ஒருவருக்காகக் கண்விழித்திருந்தனர். நாற்பதைத் தாண்டிய, தலை நரைத்த ஒருவரைத் தூக்கியெடுத்துப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு உலகம் நேரமும் மனமும் வைத்திருக்கின்றது என்பது அவருக்குப் பெரும் வியப்பாயிருந்தது. மருத்துவர் வருவது தொழிற்கடமை என்று கொண்டால் கணக்கு நேராகிவிடும். ஆனால் அக்கடமைக்குள்ளே கணக்குக்கு அடங்காத ஒரு துளி அன்பையும் காண்பது நோயாளிக்கு எவ்வளவு இதம் என்று அவர் எண்ணிப்பார்த்தார். 240 யென்னும் 100 யென்னும் பேசப்பட்ட ஒரு வாழ்விலிருந்து இது வருகின்றது என்பதை நாம் மறக்கக்கூடாது.

ஒக்ரோபர் 11ஆம் நாள், மழையிலே, வெள்ளைத் துணியால் மூடிய தூக்குப்படுக்கையில் அவரை மலையிலிருந்து இறக்கினர். பாடையா படுக்கையா என்று தெரியாத அதிலே கிடந்தபடி, இது தம் இரண்டாவது மரணச்சடங்கு என்று மனத்துள் சொல்லிக்கொண்டார். டோக்கியோவில் மீண்டும் அதே மருத்துவமனை. அங்கேதான் தெரியவந்தது, அதன் தலைவர் நாகயோ செப்ரெம்பர் 5ஆம் நாளே இறந்துவிட்டார் என்பது. தாமே கடும் நோயிலிருந்தபோதும் தம் மருத்துவர்களை இவருக்கென அனுப்பிவைத்திருந்த அந்த மனிதர் மறைந்த செய்தியை, எல்லோரும் சேர்ந்து ஒரு மாதத்துக்கு மேல் இவரிடமிருந்து மறைத்திருந்தனர்.

சுசென்ஜி அனுபவத்தின்பின் அவர் ஞானியாகிவிட்டார் என்று எழுதியவர்கள் பலர். எமக்கு அதில் நம்பிக்கையில்லை. 1911 பெப்ரவரியில், மருத்துவமனையில் இருக்கும்போதே, அமைச்சு அளித்த கலாநிதிப் பட்டத்தைக் கேளாமற் கொடுத்தது ஏனென்று திருப்பியனுப்பினார்; அமைச்சு மறுக்க, இவரும் மறுக்க, வழக்குப்போல் நீண்டது. வயிறும் சினமும் பழையபடியே இருந்தன. அவ்வாண்டு நவம்பரில் ஒன்றரை வயதுக் கடைசி மகள் ஹினாக்கோ, உணவு உண்டுகொண்டிருக்கும்போதே திடீரென இறந்தாள். காரணம் கண்டறியப்படவில்லை. தம் இரைப்பையிலும் மனத்திலும் விரிசல் விழுந்தது என்ற பொருளில் நாட்குறிப்பில் எழுதினார். மரணத்தை ஒருமுறை அரைமணி நேரம் அறிந்திருந்தது, மகளின் மரணத்தைத் தாங்க உதவவில்லை.

உதவியது எழுத்துக்குத்தான் போலும். 1914இல் கொக்கோரோ, அடுத்த ஆண்டு மிச்சிக்குசா என்று நாவல்கள் வந்தன. மிச்சிக்குசாவிலே தத்துத் தந்தை பணங்கேட்டு வாசலில் வந்து நிற்கும் கதையை, முதன்முறையாக ஒளிவுமறைவின்றி எழுதினார். அதிலே சியொபாராவின் சாயலில் வரும் கிழவர் இழிவானவர்தாம். ஆயினும் அவரைப் பார்க்கும் கண்ணில் வெறுப்போடு ஏதோவோர் இரக்கமும் கலந்திருக்கின்றது. 1909இல் பத்திரம் எழுதி வாங்கிய மனிதரால் அப்படி எழுதியிருக்க முடியுமா என்று நாம் ஐயுறுகின்றோம்.

1916 டிசெம்பர் 9ஆம் நாள், மெய்யான் என்ற நாவல் முற்றுப்பெறாத நிலையில், அதே வயிற்றுப்புண் உடைந்து நாற்பத்தொன்பதாம் வயதில் இறந்தார். ஹினாக்கோவின் உடலைச் சோதித்திருந்தால் காரணம் அறிந்திருக்கலாமே என்ற குறை கியோக்கோவின் மனத்தில் இருந்தது. கணவரின் உடலை மருத்துவர்கள் ஆராயட்டும் என்று அவரே முன்வந்து கொடுத்தார். ஆராய்ந்தவர் நோயியல் அறிஞர் நாகயோ மத்தாரோ. சுசென்ஜிக்கு மருத்துவரை அனுப்பிவிட்டு மறைந்த அந்த நாகயோவின் தம்பி. சோசெக்கியின் மூளை, அவர் விட்டுவிலகிய அதே பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றது.

சுசென்ஜியில் இன்றும் ஆற்றின் நடுவே வச்சிரத்து வெந்நீர் ஆவி கக்குகின்றது. வெள்ளக் காலத்தில் நீரோட்டத்தைத் தடுக்கின்றதென்று 2009இல் அதனைச் சற்றே கீழ்நோக்கி நகர்த்தினர். பார்க்கலாம், குளிக்க அனுமதியில்லை. கிக்குயா விடுதி தொடர்ந்து நடக்கின்றது. ஆனால் சோசெக்கி கிடந்த அறை அங்கில்லை. அதனைப் பெயர்த்தெடுத்து, ஊருக்கு வெளியே மலைச்சரிவிலுள்ள ஒரு பூங்காவில் அப்படியே திரும்பக் கட்டிவைத்திருக்கின்றார்கள்.